பொட்டு வைத்த பெடல்கள்

எந்தப் பொருளைக் கண்டாலும் ‘இதில் பெடல் வைக்க முடியுமா?’ என்று மட்டுமே யோசிக்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஜொகூரில், தம்போயில், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில், என் அறைக்கு எதிர் அறையில் இருந்தார். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, புகாராகச் சொல்கிறேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

பெயர் பெடல் அண்ணன். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. வயது நாற்பத்தொன்று, ஒற்றைக்கட்டை.

சைக்கிள் பெடலை நினைத்துவிடாதீர்கள். இது எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டுகிற சின்ன இரும்புப் பெட்டி. சோப்பு டப்பா அளவு இருக்கும். மேலே இரண்டு மூன்று திருகு, ஒரு பொத்தான், இரண்டு பக்கமும் ஒயர் செருக ஒவ்வொரு துளை. வாசித்துக்கொண்டே காலால் பொத்தானை மிதித்தால் கிட்டாரின் சத்தம் மாறும். ஒன்று உறுமும், ஒன்று அழும், ஒன்று எதிரொலிக்கும். சாதாரணக் கிட்டார்காரரிடம் ஐந்தாறு இருக்கும். அண்ணனிடம் நாற்பத்து மூன்று இருந்தன. பெரும்பாலும் யாரோ ‘கெட்டுப்போச்சு’ என்று கழித்துவிட்டவை. இவர் வாங்கி வந்து பிரித்து, பற்றவைத்து, உயிர் கொடுத்துவிடுவார்.

அண்ணனுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. எந்த ஆணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. அறையில் ஒவ்வொரு பெடலுக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். ஏ ஒன்று, ஏ இரண்டு, பி ஒன்று என்று வெள்ளை நாடாவில் எழுதி ஒட்டியிருப்பார். எடுத்த பெடல் அதே இடத்துக்குத் திரும்பாவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு ஒரு கொள்கையும் இருந்தது. “பெடலை வாங்கலாம் தம்பி, தப்பில்ல. பெடல் வெக்கிற ரேக்கையும் காசு குடுத்து வாங்குனா, மனுசனுக்கு மூளை எதுக்கு?”

அந்த மூளை வேலை செய்வதை நான் குடிவந்த முதல் வாரமே பார்த்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற பிளாஸ்டிக் வாய்க்காலைக் கழற்றிக் குப்பையோடு போட்டிருந்தார்கள். அண்ணன் அதைக் கேட்டு வாங்கி, மோட்டர் சைக்கிளில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தார். எதிரே வந்த கார்கள் எல்லாம் ஒதுங்கின. கழுவி, அறுத்து, அறைச் சுவரில் மூன்று வரிசையாகத் திருகினார். அந்த வளைவில் பெடல்கள் லேசாகச் சாய்ந்து, முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது.

கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா பாக்கியம் ஆண்டி துணி காயப்போட மாடிக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

“வீட்டுக்குள்ள எதுக்குடா வாய்க்கா? மாடி ஒழுகுதா? வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களா?”

“ஆண்டி, அது ஒழுகலை, அது வந்து பெடலுக்கு…”

ஆண்டி பதிலுக்காகக் காத்திருக்கிற ஆளில்லை. மறுநாளே கூரையில் இரண்டு பேர் ஏறிவிட்டார்கள். ஒழுகுகிற இடத்தை நாள் முழுக்கத் தேடினார்கள். தேடியதில் இரண்டு ஓடு உடைந்தது. அன்று சாயங்கால மழையில் உண்மையாகவே ஒழுகியது, என் அறையில். வாளியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வாசலில் வந்து நின்றார். “தம்பி, வாய்க்கா ஒரு துண்டு மிச்சம் இருக்கு, வேணுமா?” என்றார். கிண்டல் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார்.

அடுத்து என் செருப்பு ரேக். வேலை முடிந்து வந்து பார்த்தால், என் இரண்டு ஜோடியும் தரையில் கிடந்தன, ரேக்கைக் காணவில்லை. எதிர் அறையில் அது பளபளவென்று கழுவி, பன்னிரண்டு பெடலோடு நின்றது.

“என்னண்ணே இது, அநியாயமா இருக்கு!”

“நீயே சொல்லு தம்பி. உன் சப்பாத்து தரையில இருந்தா துரு பிடிக்குமா?”

பிடிக்காதுதான். இந்த மாதிரி ஆளோடு வாதாடுவதில் இதுதான் கஷ்டம்.

தீபாவளிப் பலகாரம் போட்டு வைக்கிற சிவப்பு மூடி பிளாஸ்டிக் ஜாடிகளில் அவர் ஒயர்களைச் சுருட்டி வைத்திருந்தார். முட்டை அட்டையில் திருகுகளும் பேட்டரிகளும் இருந்தன. தீபாவளிக்கு வந்த என் ஆபிஸ் நண்பர் ஒருவர் எதிர் அறை ஜாடியைத் திறந்து கையை விட்டுவிட்டு, “முறுக்கு கொஞ்சம் கருகிப்போச்சு போல லா” என்று மரியாதையாக மூடி வைத்தார்.

ஜொகூர் ஈரக் காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும் என்று அண்ணனுக்குப் பயம். புது சப்பாத்துப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் ஈரம் உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் போட்டிருப்பார்களே, நாமெல்லாம் எறிந்துவிடுவோமே, அதைச் சேர்த்துப் பெடலுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைப்பார். எங்கள் வீட்டு வரிசையில் இருந்த பெண்களெல்லாம் அவருக்காகச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். யாராவது புது சப்பாத்து வாங்கினால் முதல் சந்தோஷம் அண்ணனுக்குத்தான்.

உச்சம் என்றால் பேலட்தான். தொழிற்சாலையில் சரக்கு அடுக்குகிற மரத்தட்டு அது. உடைந்துபோனது ஒன்றைக் கழித்துவிட்டார்கள். மேலாளரிடம் கேட்டு வாங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏற்றப் போயிருக்கிறார். டிரைவர் வழியை மறித்தார்.

“அண்ணே, இது பஸ்ஸு லா. லோரி இல்ல.”

“தெரியும் லா. அது என் சீட்டுல உக்காரட்டும், நான் நிக்கிறேன்.”

பாசிர் கூடாங்கிலிருந்து தம்போய் வரைக்கும் பேலட் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தது. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார். அந்த மரத்தை அறுத்து, இழைத்து, ஐந்து படிக்கட்டாக ஓர் அடுக்கு செய்தார். நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். வாய்க்காலில் இருந்தவை, செருப்பு ரேக்கில் இருந்தவை எல்லாம் அதில் குடியேறின. நாற்பத்து மூன்றும் ஒரே பார்வையில். நான் ரேக்கைத் திருப்பிக் கேட்டேன். “இரு தம்பி, நாப்பத்து நாலாவது வந்தா?” என்றார்.

இவ்வளவும் வைத்திருக்கிற மனிதர் நாலு பேர் முன்னால் வாசித்து நான் பார்த்ததே இல்லை. அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு நின்று தனக்குத்தானே வாசிப்பார். கதவு வழியே ‘டிக் டிக்’ என்று கம்பி சத்தம் மட்டும் வரும். பாக்கியம் ஆண்டி இதைப் பற்றி ஒருமுறை, “சாப்பாடு வாசனை வருது, எலையக் காணோம்” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது நானே கேட்டுவிட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“பதினோரு வருசம் ஆச்சு தம்பி. குளாய் டவுன்ல ஒரு கல்யாண டின்னர். ஏழு பெடலை அப்படியே தரையில போட்டு வெச்சிருந்தேன், ஒயரெல்லாம் சிக்கலா. லைட்ட கொறச்சிட்டாங்க. எதிரொலி பெடல மிதிச்சேன். சத்தம் திரும்பி வந்துச்சு. வந்த சத்தம் இன்னும் பெருசா திரும்பி வந்துச்சு. எந்தப் பெடல்னு தெரியல. இருட்டுல எல்லாத்தையும் மிதிக்கிறேன், எல்லாம் சேந்து கத்துது. பிள்ளைங்க அழுவுது. கடைசில மண்டபத்துக்காரன் மெயின் சுவிச்சையே புடுங்கிட்டான். ஒரு நிமிசம் ஒண்ணும் கேக்கல. அப்புறம் மண்டபமே சிரிச்சுச்சு.”

அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. அடுக்க ஆரம்பித்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்திருந்தால் அன்று அப்படி ஆகியிருக்காது என்று அவருக்கு எண்ணம். பதினோரு வருடமாக அந்த ஒரு ராத்திரியைத்தான் அவர் ஒழுங்குபடுத்திக்கொண்டு இருந்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த செருப்பு ரேக் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கெலாங் பாத்தாவிலிருந்து அவருடைய அக்கா மகள் தர்ஷினி கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். புரட்டாசி முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை கல்யாணம், அன்று சாயங்காலமே டின்னர். தட்டை நீட்டிவிட்டு, மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“மாமா, தாய்மாமன் சீரெல்லாம் அம்மா கேப்பாங்க, அது உங்க ரெண்டு பேர் விசயம். நான் கேக்குறது ஒண்ணுதான். டின்னர்ல நீங்க கிட்டார் வாசிக்கணும்.”

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சும்மா. நல்ல மியூசிக் பேண்ட் ஒண்ணு பாத்துத் தரேன்.”

“பேண்ட் வேணாம். குளாய் டின்னர்ல நானும் இருந்தேன் மாமா. எனக்குப் பன்னெண்டு வயசு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். லைட்டு வந்ததும் நீங்க என்னைத்தான் பாத்தீங்க.” அவள் வளையலைத் திருகினாள். “அதுக்கப்புறம் நீங்க எங்க வீட்டுக்குக் கிட்டார் கொண்டு வந்ததே இல்ல. என் கல்யாணத்துக்கும் கொண்டு வரலன்னா, எனக்கு எப்படி இருக்கும்?”

தாய்மாமன் இதற்குமேல் என்ன செய்வார்? சரி என்றார். அவள் போன பிறகு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் இறங்கிவிட்டால் அண்ணன் அரைகுறையாக இறங்குகிறவர் இல்லை. தானே ஒரு மெட்டுப் போட்டார். நாற்பத்து மூன்றில் ஆறு பெடலைத் தேர்ந்தெடுத்தார். குளாயில் கத்திய அதே எதிரொலிப் பெடலும் அதில் ஒன்று. பி இரண்டு.

“அது வேணாம்ணே. வம்பை விலைக்கு வாங்காதீங்க” என்றேன்.

“அது இல்லாமப் போனா பயந்து போன மாதிரி ஆயிரும் தம்பி. முடிக்கும்போது அதப் போட்டு, சத்தம் மேல மேல ஏறும்போது ‘டக்’குன்னு நிறுத்தணும். அதுதான் பாட்டே.”

யாரோ எறிந்த கட்டில் சட்டத்தை அறுத்து, ஆறையும் வரிசையாகக் காலடியில் வைக்க ஒரு பலகையும் செய்துவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூசை வந்தது.

பாக்கியம் ஆண்டியின் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். நாங்கள் லோரி அங்கிள் என்போம். வருடா வருடம் லோரிக்கும், ஆண்டியின் தையல் மெஷினுக்கும், புல்வெட்டும் மெஷினுக்கும் அமோகமாகப் பூசை நடக்கும். அந்த வருடம் ஆண்டிக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. பாவம், பதினோரு வருடம் கழித்து மேடையேறப் போகிறான், அவன் ஆயுதத்துக்கு யார் பொட்டு வைப்பார்கள்? அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். சாவி ஆண்டியிடம் இருந்தது.

நான் வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் திரும்புகிறேன். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து குபுகுபுவென்று புகை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர், நாங்கள் பாக் சிக் என்று கூப்பிடுகிற பெரியவர், “ஆப்பி! ஆப்பி!” என்று மலாயில் ‘நெருப்பு, நெருப்பு’ எனக் கத்திக்கொண்டு, தோட்டத்து ரப்பர் குழாயைத் தூக்கி அண்ணன் ஜன்னலுக்கே குறி வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாய இன்னும் ஒரு திருகுதான் பாக்கி. நான் ஹெல்மெட்டோடு பாய்ந்து குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் ஜன்னலில் பாக்கியம் ஆண்டி, கையில் மணியோடு எட்டிப் பார்த்தார்.

“ஏண்டா கத்துறீங்க? பூசை நடக்குதுல்ல!”

“அலமாக்!” என்று பாக் சிக் குழாயைக் கீழே போட்டார்.

மேலே போய்ப் பார்த்தேன். ஐந்து படியிலும் நாற்பத்து மூன்று பெடல். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம், தலையில் ஒரு பூ. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒயர் செருகுகிற துளை இரண்டு பக்கமும் இருக்கிறதென்று சொன்னேனே, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஊதுபத்தி. பூனை மீசை மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு எண்பத்தாறு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

“ஆண்டி, இது…”

“ஊதுபத்திக்குன்னே ஓட்டை வெச்சிருக்கான் பாரேன்! கொஞ்சம் லூசாதான் இருந்துச்சு. சந்தனத்தக் கொழச்சு நல்லா அடைச்சுட்டேன்.”

எனக்குத் தலை சுற்றியது. புகையா, கவலையா தெரியவில்லை.

ஏழு மணிக்கு அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். இப்போது இடி இறங்கப் போகிறது என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவர் மெதுவாகக் காலுறையைக் கழற்றினார். உள்ளே போய் ஒவ்வொரு படியாகப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“எல்லாத்துக்குமா வெச்சீங்க ஆண்டி?”

“ஒண்ணு விடல” என்றார் ஆண்டி, பூரித்துப் போய்.

அடுத்த ஒன்பது நாள், பல்குச்சியும் பஞ்சுமாக அண்ணன் துளை துளையாகச் சந்தனம் தோண்டினார். மேடைக்கான ஆறும் பிழைத்தன. மூன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை, நல்ல வாசனையோடு கண்ணை மூடின. அண்ணன் ஆண்டியை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உள்ளே இருந்த சந்தனத்தைத் தோண்டினாரே தவிர, நெற்றியில் இருந்த பொட்டில் அவர் கையே வைக்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது வெளியே வந்தது. பலகையில் ஆறு பெடலையும் வைத்து, கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றார். வலது காலைத் தூக்கினார். கால் அந்தரத்தில் நின்றது. கீழே வரவில்லை. ஒற்றைக்காலில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

“முடியல தம்பி. பூசை போட்டது. பொட்டு வெச்ச நெத்தியில எப்படிக் கால வெக்கிறது? தர்ஷினிகிட்ட நீயே சொல்லிரு, மாமா வாசிக்கலன்னு.”

“நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ள மொகத்த நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

சத்தம் கேட்டு ஆண்டியும் லோரி அங்கிளும் மேலே வந்துவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அங்கிளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“டேய், என் லோரிக்கும் வருசா வருசம் பூசை போடுறோம். அதுக்காக பிரேக்கை நான் கையாலயா அமுக்குறேன்?”

“பிரேக்குக்கு யாரும் பொட்டு வெக்கலை அங்கிள். முன்னாடி கண்ணாடிக்குத்தான் வெச்சாங்க.”

அங்கிள் யோசித்தார். “சரி, செருப்பு ரேக்குல அடுக்கி வெச்சிருந்தியே, அப்ப எங்கடா போச்சு உன் பக்தி?”

“அப்ப பொட்டு வெக்கலை.”

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். முன்பே சொன்னேனே, இவரோடு வாதாட முடியாது.

“பொட்டத் தொடச்சுருவோமா?” என்று கேட்டுவிட்டு, ஆண்டியே “சேச்சே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். “நல்லதுன்னு நெனச்சுத்தாண்டா செஞ்சேன். அந்தப் பிள்ள கேட்ட ஒண்ணே ஒண்ணு, அதையும் நானே கெடுத்துட்டேனே.”

அவர் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “கால்தானேண்ணே வெக்கக் கூடாது? கையால அமுக்கலாம்ல?”

“ரெண்டு கையும் கிட்டார்ல இருக்கு தம்பி.”

“உங்க கைய யார் சொன்னா? பொட்டு வெச்ச கை ஒண்ணு இங்க சும்மாதான இருக்கு.”

எல்லோரும் ஆண்டியைப் பார்த்தோம். ஆண்டி முந்தானையை இறக்கினார்.

அன்றைக்கே ஒத்திகை. ஆறு பெடலும் தரையிலிருந்து பேலட் படிக்கட்டுக்கே திரும்பின, அந்த உயரத்தில்தான் ஆண்டிக்குக் கை எட்டும். அண்ணன் வாசித்துக்கொண்டே ஸ்டோரில் சாமான் கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார். “ஏ ஒண்ணு!” ஆண்டி அமுக்குவார். “ஏ ஒண்ண நிறுத்துங்க, பி ஒண்ணு!” ஒரே ஒரு தொல்லை. ஆண்டி ஒவ்வொரு முறையும் பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அமுக்குவார். அதில் அரைத் தாளம் தவறும். அண்ணன் பாட்டையே கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், படிக்கட்டு லோரி அங்கிளின் லோரியில் கயிறு கட்டிக்கொண்டு கெலாங் பாத்தாவுக்குப் போனது. மண்டபத்தில் மேடையில் தூக்கி வைத்தபோதுதான் தெரிந்தது, வழியில் குலுங்கியதில் திருகெல்லாம் தளர்ந்து, விட்டால் சரிந்துவிடும் போலிருந்தது. திருப்புளி யாரிடமும் இல்லை. நான் பின்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். புதுச் சட்டை வேறு.

அறிவிப்பாளர், “இப்பொழுது மணமகளின் தாய்மாமன் கிட்டார் வாசிப்பார்” என்றார். பட்டுச்சேலையில் பாக்கியம் ஆண்டி அடுக்குக்குப் பக்கத்தில் கோயிலில் நிற்பதுபோல் நின்றார். கீழே யாரோ, “என்ன லா, மேடையில கடை போட்டிருக்காங்க?” என்றார்கள். சிரிப்பு வந்தது. அண்ணன் கிட்டார் வாரை ஒருமுறை சரிசெய்தார். அவர் மணமேடைப் பக்கம் திரும்பினார். தர்ஷினி மாலையும் கழுத்துமாக, நாற்காலி நுனிக்கு வந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

வாசிக்க ஆரம்பித்தார். “ஏ ஒண்ணு” என்றார், மெல்ல. ஆண்டி கண்ணில் ஒற்றி அமுக்கினார். பேச்சு அடங்கியது. “பி ஒண்ணு.” கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. கதவு வழியே ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு ஆச்சரியம். முடிவு வந்தது. “பி ரெண்டு” என்றார். ஆண்டி அமுக்கினார். சத்தம் திரும்பி வந்தது. இன்னும் பெரிதாக வந்தது. இன்னும் பெரிதாக.

“பி ரெண்ட நிறுத்துங்க.”

ஆண்டி நிறுத்தவில்லை. பாட்டைக் கேட்டு மனம் விட்டு அழுதுகொண்டிருந்தார். முகம் முழுக்க முந்தானை.

“ஆண்டி! பி ரெண்டு!”

ஆண்டிக்குக் காதில் விழவே இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. எனக்குக் கையை எடுக்க முடியாது, எடுத்தால் அடுக்கே சரியும். அண்ணன் காலை எடுத்து வைக்கப் பார்க்கிறார், கால் நகரவில்லை. எனக்குத் தெரியும், அவர் குளாயில் நின்றுகொண்டிருந்தார்.

வளையல் சத்தம் கேட்டது. தர்ஷினி மணமேடையை விட்டு இறங்கி, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். படிக்கட்டில் வெள்ளை நாடாக்களைப் பார்த்தாள். ஏ ஒன்று, ஏ இரண்டு, பி ஒன்று. பி இரண்டு. தேட வேண்டிய அவசியமே இல்லை, அது அதன் இடத்தில் இருந்தது. மருதாணிக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அமுக்கினாள்.

‘டக்.’

மண்டபத்தில் ஓர் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். குளாயிலும் இப்படி ஒரு நிமிஷம் இருந்தது, அடுத்து வந்தது சிரிப்பு. அண்ணன் அதற்காகத்தான் காத்திருந்தார், தலையைக் குனிந்துகொண்டு. தர்ஷினி அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பெடல்மேல் வைத்த கையை எடுக்காமல், “மாமா, முடிங்க” என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பெடல் எதுவும் இல்லாமல், வெறும் கிட்டாரில், கடைசி வரியை வாசித்து முடித்தார்.

அன்று கைதட்டல் எவ்வளவு நேரம் இருந்தது, யார் யார் எழுந்து நின்றார்கள் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டு கையும் பெடல் அண்ணனின் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன, கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குக் கை இல்லை.